மேயருக்கு நகல்

எங்கள் அலுவலக நடைமுறைக் கையேட்டில் ஓய்வு பெறுவோருக்கென்று ஒரு விதி இருந்தது. ஓய்வு பெறும் நாளன்று பிற்பகலில், அலுவலர் தம் வசமுள்ள கோப்புகள், பதிவேடுகள், பீரோ சாவி, முத்திரைகள் ஆகிய அனைத்தையும் ஒப்படைத்து ஒப்புகை பெற வேண்டும். அந்த நேரம் முதல் எவருக்கும் நினைவூட்டு அனுப்பவோ, எவரிடமும் விளக்கம் கோரவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. தெளிவான விதி. புதிதாகச் சேர்ந்த உதவியாளர்களுக்கு நானே இதை வாசித்துக் காட்டி விளக்கியிருக்கிறேன்.

என் முறை வந்தபோது கோப்பு, சாவி, முத்திரை எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். ஒப்புகையும் வாங்கினேன் (இன்னமும் பத்திரமாக இருக்கிறது). ஆனால் கையை ஒப்படைக்கச் சொல்லி விதியில் இல்லை. முப்பத்தாறு வருடம் நினைவூட்டு எழுதிப் பழகிய கை, என்னோடு மயிலாப்பூருக்கே வந்துவிட்டது. அது செய்த வேலையால் இத்தாலியில் ஒரு மலையூர் மேயர், ஊரைக் கூட்டிவைத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதைவிட அவமானமான ஒன்று என் வாழ்க்கையில் நடக்கவில்லை. நடக்க இனி அவகாசமும் இல்லை.

நான் இத்தாலிய மொழி படிக்கப் போனதற்கு ஏதோ உயர்ந்த காரணம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். பால் பாக்கெட் வருகைக்கு ஒரு பதிவேடு திறந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், உள்ளே இருப்பவற்றின் பட்டியலை ஒட்டினேன். சாம்பாருக்கு ஏன் பதினொன்றரை மணிக்கே பருப்பு வேகவைக்கவில்லை என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வைத்தேன். என் மனைவி பத்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து, எனக்கு ஒரு வருடம் முன்பே ஓய்வு பெற்றவள். சீட்டைப் படித்தாள். மடித்தாள். அடுப்பைத் துடைத்தாள்.

“நாப்பது வாண்டுகளை ஒரு ரூம்ல வெச்சு மேச்சிருக்கேன். ஆனா ஆத்துல ஒரு செக்‌ஷன் ஆபீசரை வெச்சுண்டு என்னால முடியலை. ஏதாவது படியுங்கோ. வெளில போய்ப் படியுங்கோ.”

பல்கலைக்கழகத்தின் மாலை நேரப் பட்டய வகுப்புகளுக்கான கையேட்டை வாங்கி, என் வழக்கப்படி கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். உச்ச வயது வரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை. குறிப்பிடப்படாத காரணத்தைச் சொல்லி ஒரு விண்ணப்பத்தை மறுக்க முடியாது. பிரெஞ்சு மொழிக்கு வேப்பமரம் வரை வரிசை நின்றது. ஜெர்மனுக்கு விண்ணப்பமே தீர்ந்துவிட்டது. மூன்றாவது ஜன்னலில் ஒருவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். மேலே ‘இத்தாலிய மொழியும் பண்பாடும்’ என்று எழுதியிருந்தது. விண்ணப்பம் ஒன்று கேட்டேன்.

“ஒண்ணு போதுமா சார்? நெறைய கீது” என்றார்.

இப்படித்தான் அந்த மகத்தான பண்பாட்டை நான் தேர்ந்தெடுத்தேன்.

வகுப்பில் ஒன்பது பேர். ஆசிரியை ஸ்டெல்லா மேடத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆறு வருடம் இத்தாலியில் படித்துவிட்டு வந்தவர். முதல் பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் டில்லிபாபு. ஆதம்பாக்கம், இருபத்தெட்டு வயது. அடையாறில் ஓர் இத்தாலிய உணவகத்தில் நான்கு வருடமாகச் சமையல்காரன். வேறு யாரோ அச்சடித்த மெனு அட்டையை நம்பி, பெயர் தெரியாத பண்டங்களை அருமையாகச் சமைத்துக்கொண்டிருந்தான்.

“நீங்க இன்னாத்துக்கு சார் வந்துகிறீங்க?” என்று கேட்டான்.

“பண்பாடு தெரிஞ்சுக்கலாம்னு.”

“நான் டெய்லி ஆக்கறதுக்கு இன்னா பேருன்னு தெரிஞ்சிக்கலாம்னு வந்தேன்.”

வினைச்சொல் அட்டவணைகளை நான் நெட்டுரு போட்டேன். எழுத்துத் தேர்வு எதுவானாலும் முதல் மதிப்பெண் எனக்குத்தான். டில்லிபாபு எழுதினால் பக்கம் முழுக்கச் சிவப்பு மை. ஆனால் அவன் வாயைத் திறந்தால் மேடம் முகம் மலர்ந்துவிடும். கையை ஆட்டிப் பேசுவதில் ஆதம்பாக்கத்துக்கும் இத்தாலிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்பதை அவனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் பேசினால் அவன் காதருகே குனிந்து சொல்வான்: “உங்க இத்தாலியன கேட்டா பயமா கீது சார். ஜப்தி பண்ண வந்தமாரி கீது.”

பண்பாட்டுத் தாளில் மற்றவர்கள் ஓவியம், மாதா கோயில், இசைநாடகம் என்று மயங்கினார்கள். என்னை மயக்கியது வேறு. இத்தாலியில் விண்ணப்பத்தில் வருவாய் முத்திரை வில்லை ஒட்ட வேண்டும், டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும், ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், ஒரு சான்றிதழ் பெற இன்னொரு சான்றிதழ் வேண்டும் என்று மேடம் அலுத்துக்கொண்டு சொன்ன அந்த மாலை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த ஊர்க்காரனை அயல்நாட்டில் பார்த்த மாதிரி இருந்தது. முத்திரை வில்லைகளைப் பற்றிப் பதினான்கு பக்கம் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். ‘மிக முழுமை. இதில் மனிதர்கள் யாரும் வரவில்லையே?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். கட்டுரையின் தலைப்பை அவர் சரியாகப் படிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது கடித விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப்பாடத்தைக் கைபேசியே மொழிபெயர்த்துத் தந்துவிடுகிறது என்பதால் மேடம் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மலைமேல் இருக்கும் ஒரு சிறிய ஊரில் அவருடைய தோழி நூலகராக இருந்தார். அந்த ஊர்க்காரர்களில் ஒன்பது பேருக்கு நாங்கள் ஒன்பது பேரும் கைப்படக் கடிதம் எழுத வேண்டும். அவர்களும் கைப்படப் பதில் போடுவார்கள். எனக்குக் கிடைத்தவர் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர். ஓய்வூதிய விதிகளைப் பற்றிப் பரிமாறிக்கொண்டோம். இரு தரப்பிலும் திருப்தி. டில்லிபாபுவுக்குக் கிடைத்தவர் சிஞோரா (நம் ஊர் ‘திருமதி’) அசுந்தா. எழுபது வயது அம்மாள். வீட்டின் கீழ்த்தளத்தில் ஆறு மேஜை போட்டு, தினமும் தன் கையால் மாவு பிசைந்து சாப்பாடு போடுகிறவர். இவன் பாதி எழுத்து, பாதி படம் என்று ஒரு கடிதம் அனுப்பினான். மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதற்குக் காதுமடலைப் படம் போட்டு அம்புக்குறி இட்டிருந்தான். அந்த அம்மாள் பதிலுக்கு ஒரு மூக்கை வரைந்து, இல்லை, இந்தப் பதம் என்று அனுப்பினார். இப்படி வளர்ந்த சிநேகத்தில், மே மாதக் கடிதத்தில் அவர் எழுதிவிட்டார்: அக்டோபரில் வா, ஒரு மாதம் மாடி அறையில் தங்கு, என் சமையலறையில் நில். விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்தைத் தனியாகக் கையொப்பமிட்டு அனுப்புகிறேன்.

டில்லிபாபு அதுவரை திருப்பதியைத் தாண்டியதில்லை. அந்தக் கடிதத்தை என்னிடம் நான்கு முறை வாசிக்கச் சொன்னான். வார்த்தைகள் அவனுக்கும் புரிந்திருந்தன. உணவக மேனேஜர் அக்டோபர் ஒரு மாதம் விடுப்புத் தரச் சம்மதித்தார். அதோடு, “இத்த வுட்டா இன்னொரு தபா கேக்காத” என்றும் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் வந்தது. மற்ற காகிதங்கள் எல்லாம் தயார் (அவற்றை நான் நூல் கோத்து, பக்க எண் இட்டுக் கொடுத்தேன்). அசல் அழைப்புக் கடிதம் மட்டும் வரவேண்டும்.

ஜூன் முழுக்க வரவில்லை.

“எழுதுவாங்க சார். பெரியவங்க. அவசரப்படுத்தினா நல்லா இருக்காது” என்றான் டில்லிபாபு.

“இதை எங்கிட்ட விடு” என்றேன் நான்.

இந்த மூன்று சொற்களைச் சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை மறைக்க விரும்பவில்லை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு நிலுவை. ஒரு விண்ணப்பதாரர். பதில் தராத ஒரு தரப்பு. என் கை தானாகவே பேனாவைத் தேடியது.

ஜூலை முதல் தேதி முதல் நினைவூட்டு போனது. பொருள், பார்வை, வரிசை எண்ணிட்ட பத்திகள், எல்லாம் இத்தாலிய மொழியில். பதினைந்து நாள் கழித்து இரண்டாம் நினைவூட்டு. அதற்கும் பதினைந்து நாள் கழித்து மூன்றாவது. இரண்டு நினைவூட்டுக்குப் பதில் வராவிட்டால் மூன்றாவது எப்படி இருக்க வேண்டும் என்பது அரசுப் பணியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ‘இக்கடிதம் கிடைத்த ஏழு தினங்களுக்குள் தங்களது விளக்கம் பெறப்படாத பட்சத்தில், தங்கள் தரப்பில் கூறுவதற்கு ஏதுமில்லை எனக் கருதி, மேல் நடவடிக்கை தொடரப்படும்.’ நம் ஊரில் இது ஒரு மங்கல வாக்கியம். பயப்படுகிறவர் யாரும் கிடையாது. என் பிரிவில் இந்த வாக்கியத்தைப் பெற்றவர்கள் பதவி உயர்வோடு ஓய்வு பெற்றிருக்கிறார்கள். அதை மூன்று நாள் பாடுபட்டு, ஒரு பிழையும் இல்லாத இத்தாலிய மொழியில் எழுபது வயது அம்மாளுக்கு எழுதினேன்.

எழுதி முடித்துப் பார்த்தால் முத்திரை இல்லாமல் தாள் வெறிச்சென்று இருந்தது. அப்போது நான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். மேஜை இழுப்பறையில் சங்க முத்திரை இருந்தது. வட்டமாக, நடுவில் ஒரு கோபுரமும் இரண்டு தென்னை மரமும். ஊதா மையில் பதித்தேன்.

பத்மா காபியோடு வந்தாள். “அசோசியேஷன் ஸ்டாம்பை எதுக்கு இத்தாலிக்கு அனுப்பறேள்?”

“முத்திரை இல்லாட்டா அது வெறும் பேப்பர்.”

“அந்த மாமி என்ன தப்புப் பண்ணினா?”

“தப்பு ஒண்ணும் இல்லை. இது ப்ரொசீஜர்.”

“தப்பே பண்ணாதவாளுக்கு எதுக்கு ப்ரொசீஜர்?”

கணக்கு டீச்சர்களோடு வாதம் செய்வதில்லை என்பது என் கொள்கை. நகல் பட்டியலை எழுதினேன். ஒன்று, அவ்வூர் மேயர், தகவலுக்காகவும் உரிய நடவடிக்கைக்காகவும். இரண்டு, பங்குத் தந்தை. மூன்று, அஞ்சல் நிலைய அலுவலர். நான்கு, இருப்புக் கோப்பு (அதாவது, என் வசமே இருக்கும் நகல்).

இங்கே வெளியுலக வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் அலுவலகங்களில் நகல் என்பது ஓர் அலங்காரம். கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு, கைக்குழந்தை பெயர் வரை அச்சடிக்கிறோமே, அந்த மாதிரி. என் முப்பத்தாறு வருடத்தில் தனக்கு வந்த நகலைப் படித்த ஓர் அதிகாரியை நான் சந்தித்ததில்லை. நகலைப் படிக்கிற நாடு ஒன்று உலகில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று நகலிலும் முத்திரை வைத்து, மூன்றையும் மேயர் அலுவலகம் வழியாகவே அனுப்பினேன். அது முறை.

இன்னொன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆகஸ்டில் இத்தாலி முழுக்க விடுமுறையில் போய்விடும், கடை கண்ணி, அலுவலகம் எல்லாம் சோம்பிக் கிடக்கும் என்று மேடம் வகுப்பில் சொல்லியிருந்தார். நான் குறிப்பெடுத்திருக்கிறேன். அடிக்கோடும் இட்டிருக்கிறேன். என்னுடைய மூன்று கடிதங்களும் எங்கோ ஒரு தபால் பையில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கி, ஆகஸ்ட் கடைசியில் ஒரே நாளில், ஒரே நேரத்தில் அந்த அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டின. முதல் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதற்குள் அவர் இரண்டு முறை எச்சரிக்கப்பட்டு, விளக்கம் தரத் தவறியவராகவும் ஆகிவிட்டார்.

இது எதுவும் தெரியாமல் செப்டம்பர் வந்தது. அந்த ஊர் நூலகத்துக்கும் எங்கள் வகுப்புக்கும் காணொளிச் சந்திப்பு ஒன்றை மேடம் ஏற்பாடு செய்திருந்தார். கடிதம் எழுதிக்கொண்டவர்கள் முதல்முறையாக முகம் பார்க்கப் போகிறோம். நான் சலவை செய்த முழுக்கைச் சட்டையில் போனேன். டில்லிபாபு உணவகத்திலிருந்து அப்படியே வந்திருந்தான். அழைப்புக் கடிதம் எங்கே என்று நேரிலேயே கேட்டுவிடலாம் என்று அவனுக்கு நம்பிக்கை கொடுத்து, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

திரையில் படம் வந்தது. ஒன்பது பேரை எதிர்பார்த்த இடத்தில் ஊரே நின்றது. புத்தக அலமாரிகளுக்கு நடுவே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கதவருகே சீருடையில் ஒரு போலீஸ்காரர். நடுநாயகமாக, கோட்டின் குறுக்கே மூவர்ணப் பட்டை அணிந்து ஒருவர்.

மேடம் மெதுவாகச் சொன்னார்: “அது மேயர். அந்தப் பட்டையைக் கல்யாணம் பண்ணிவைக்கும்போதும் தேசிய விழாவுக்கும்தான் போடுவாங்க. இன்னைக்கு ஏன் போட்டிருக்கார்?”

“நமக்கு மரியாதை” என்றேன் நான்.

மேயர் எழுந்தார். உள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். திரை முழுவதும் ஊதா மையில் ஒரு கோபுரமும் இரண்டு தென்னை மரமும் தெரிந்தன.

எனக்கு உடனே எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் முதல் பெஞ்சு.

‘இந்திய அரசின் மாண்புமிகு அதிகாரி அவர்களுக்கு’ என்று தொடங்கி மேயர் ஓர் அறிக்கையை வாசித்தார். எங்கள் வகுப்பிலேயே இத்தாலிய மொழி நன்றாகப் புரிகிற மாணவன் நான் என்பதால், ஒரு சொல்கூடத் தப்பவில்லை. தங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஊர் மன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டது. மறுநாள் காலை போலீஸ்காரர் சிஞோரா அசுந்தாவின் கடைக்கு நேரில் அனுப்பப்பட்டார். அப்போது அங்கே பலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பங்குத் தந்தை ஞாயிறு பிரசங்கத்தில், அந்நியரைக் காக்கவைப்பது குறித்துப் பெயர் சொல்லாமல் பேசினார். அஞ்சல் நிலைய அலுவலருக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. நகல் பட்டியலில் நான்காவதாக உள்ள ‘இருப்புக் கோப்பு’ என்பவர் எங்கள் ஊரில் இல்லை; பக்கத்து ஊர்களிலும் விசாரித்துவிட்டோம்; அவருக்குரிய நகலும் உறையில் இல்லை; அவரை எங்கே தேடுவது என்று தெரிவிக்கவும். எங்கள் ஊரின் சார்பில் வருந்துகிறோம்.

மேடம் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே கேட்டார்: “சார், இந்தக் கடிதத்தை எழுதினது நீங்களா?”

“ஆமாம்.”

“இலக்கணம் எல்லாம் சரியா இருக்கு” என்றார். அதைப்போல ஒரு திட்டு நான் வாங்கியதில்லை.

மேயர் நகர்ந்து வழிவிட்டார். பின்னால் நாற்காலியில் ஒரு சிறிய உருவம். கறுப்பு உடை. வலது கை விரல்நுனியிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. சிஞோரா அசுந்தா.

நூலகர் பக்கத்தில் நின்று விவரம் சொன்னார். ஜூனில் மாவு மூட்டையோடு படியிறங்கும்போது விழுந்துவிட்டார். எலும்பு சரியாகக் கூடவில்லை. பிரித்து இரண்டாம் முறை கட்டியிருக்கிறார்கள். அழைப்புக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், இடது கையால் கையொப்பம் மட்டும் போடுங்கள் என்று எவ்வளவோ சொல்லி, போன வாரம்தான் சம்மதிக்கவைத்தேன். காகிதம் எடுத்து வரப் போனேன். திரும்பி வருவதற்குள் உங்கள் மூன்று கடிதங்களும் வந்துவிட்டன. இப்போது மாட்டேன் என்கிறார்.

சிஞோரா தாமே பேசினார். குரல் சின்னது, ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது. “வேண்டிக் கேட்டால் இடது கையால் கையெழுத்துப் போடலாம். உத்தரவு போட்டால், என் வலது கை எப்போது எழுதுகிறதோ அப்போதுதான் பதில். அப்போதும் எனக்கு எழுதத் தோன்றினால்.”

டில்லிபாபுவின் அக்டோபர் என் கண்ணெதிரே போனது. அவன் அக்டோபர் மட்டுமா, அதற்குப் பிறகு உள்ள மாதங்களும் போய்விட்டனவா என்பது தெரியவில்லை. எழுந்து நின்றேன். உண்மையாகவே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் எழுந்தேன். வாயிலிருந்து வந்ததோ, ‘கீழே கையொப்பமிட்டுள்ளவர், மேற்படி நிகழ்வு குறித்து வருத்தம் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளார்’ என்பது. மேயர் அவசரமாகக் குறிப்பெடுத்தார். போலீஸ்காரர் விறைத்து நின்றார். மேடம் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். “உக்காருங்க சார், தயவு செஞ்சு.”

நான் உட்கார்ந்த பிறகு டில்லிபாபு எழுந்தான். என் பக்கம் பார்க்கவே இல்லை. திரைக்கு அருகே போனான். கேட்டது இரண்டே விஷயம்தான்.

“சிஞோரா, கை?”

அவர் கட்டைச் சற்றே உயர்த்திக் காட்டினார்.

“மாவு யார் பிசையறாங்க?”

அந்த அம்மாள் தன் கட்டைப் பார்த்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு பெரியவர் சொன்னார், பாக்கெட்டில் வாங்குகிறோம் என்று. ஊரே தலையைக் குனிந்துகொண்டது. சாவு வீட்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

டில்லிபாபு சட்டைக் கையைச் சுருட்டினான். மேஜைமேல் ஒன்றும் இல்லை, காற்றுதான் மாவு. வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது முஷ்டியால் அழுத்தி, முழங்கையால் மடித்து, உடம்பின் கனத்தை முழுக்க அதன்மேல் இறக்கி, ஒற்றைக் கையால் பிசைவது எப்படி என்று காட்டினான். அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவருக்கு ஒரு சமயம் கை வெந்துபோய், இப்படித்தான் ஒரு மாதம் ஓட்டினாராம். வினைச்சொற்கள் எல்லாம் தாறுமாறு. அந்த அம்மாள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். “இல்லை இல்லை, மணிக்கட்டு” என்று திருத்தினார். “மணிக்கட்டு இல்ல சிஞோரா, தோள்” என்று இவன் திருப்பித் திருத்தினான். இணைய இணைப்பு அறுந்துபோகும் வரை இது நடந்தது. அழைப்புக் கடிதம் என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

“அக்டோபர் பூட்ச்சு” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உன் மேனேஜருக்கு நான் ஒரு லெட்டர் எழுதி, சூழ்நிலையை விளக்கி...”

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “நைனா. நீ லெட்டர் மட்டும் எழுதாத. உனுக்குப் புண்ணியமாப் போவும்.”

அதுவரை என்னை ‘சார்’ என்றும் ‘நீங்க’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தவன். ஓய்வூதியத்தைத் தவிர என்னிடம் மிச்சமிருந்த மரியாதை அன்று அந்தப் படிக்கட்டில் முடிந்தது. பதிலுக்கு ஏதோ ஒன்று ஆரம்பித்தது என்பது அப்போது தெரியவில்லை.

மேடம் எனக்குத் தண்டனை விதித்தார். சிஞோராவுக்குக் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். அனுப்பும் முன் அவர் படித்துப் பார்ப்பார். முதல் வரைவைப் பார்த்துவிட்டு, ‘பொருள்’ என்று ஒரு வரி இருப்பதைச் சுட்டிக்காட்டித் திருப்பினார். இரண்டாவதில் பத்திகளுக்கு எண் இருந்தது. மூன்றாவதில் ‘மேற்படி’ ஐந்து இடத்தில். நான்காவதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோற்றுப்போய் அடையாறுக்குப் போனேன். பிற்பகல் மூன்று மணிக்கு உணவகத்தின் பின்வாசலில் டில்லிபாபு பூண்டு உரித்துக்கொண்டிருப்பான்.

“எனக்கு லெட்டர் எழுத வரலை” என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொல்வேன் என்று என் பழைய அலுவலகத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

“இன்னிக்கு இன்னா சாப்ட்டே?”

“வத்தக்குழம்பு.”

“அத்த எழுது.”

“மன்னிப்புக் கடிதத்துல வத்தக்குழம்பா?”

“அந்தம்மா ஓட்டல் நடத்துறாங்க நைனா. வேற இன்னாத்த எழுதுவே?”

வீட்டுக்கு வந்து பத்மாவிடம் செய்முறை கேட்டேன். அறுபதை ஒட்டிய வயதில் முதல்முறையாக அடுப்படியில் நின்று, சுண்டைக்காய் வற்றல் எண்ணெயில் எந்த நிறம் வரும்வரை வறுபட வேண்டும் என்று பார்த்தேன். புளி கொதித்து வாசம் மாறும் இடத்தை அவள் காட்டினாள். எழுதிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, “அந்த மாமிக்குக் கை எப்படி இருக்குன்னு கேட்டேளா?” என்றாள்.

நான்கு வரைவிலும் கேட்டிருக்கவில்லை.

அதை முதல் வரியாக எழுதினேன். பிறகு குழம்பு. பிறகு, நான் ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன், தெரிந்த ஒரே வேலையை உங்களிடம் காட்டிவிட்டேன் என்று எழுதினேன். டில்லிபாபுவை அழைக்கச் சொல்லி ஒரு சொல்லும் இல்லை. முத்திரை இல்லை. நகல் இல்லை. வெறும் பெயரைக் கையொப்பமாகப் போடும்போது, சட்டை போடாமல் தெருவில் நிற்பது போல் இருந்தது. மேடம் படித்துவிட்டு உறைக்குள் அவரே போட்டு ஒட்டினார்.

இதற்குப் பிறகு நடந்தவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குடியிருப்போர் சங்கம் சிறப்புக் கூட்டம் போட்டு, முத்திரை இனிப் பொருளாளர் வசம் இருக்கும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானத்தின் வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன், மற்றவர்களுக்கு வரவில்லை. பட்டயத்தில் தேறினேன். பண்பாட்டுத் தாளில் பெற்ற மதிப்பெண்ணை இங்கே பதிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் லாரி வராவிட்டாலும், மாவு மிஷின்காரர் தாமதம் செய்தாலும், பத்மா என்னைப் பார்த்துச் சொல்வது ஒன்றுதான்: “மேயருக்கு ஒரு நகல் போட்டுடுங்கோ.” என் மகன் ஹோட்டலுக்குப் போனால் சாப்பாடு வரும்வரை, “விளக்கம் கோரிடலாமாப்பா?” என்று கேட்டுக்கொண்டிருப்பான். இரண்டு வருடம் கழித்து டில்லிபாபு கொட்டிவாக்கத்தில் ஆறு மேஜை போட்டுத் தன் சொந்தக் கடையைத் திறந்தான். திறப்பு விழா அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், ‘கடிதம் எழுத அனுமதி இல்லை’ என்று அச்சடித்திருந்தான்.

ஆனால் அந்த வருடம் அக்டோபர் காலியாகவே போனது. அந்த மாதம் முழுக்க அவன் அடையாறில்தான் வேலை செய்தான். நான் வாரம் ஒரு முறை பின்வாசலுக்குப் போய்ப் பூண்டு உரித்தேன். இருவரும் தபாலைப் பற்றிப் பேசவில்லை. மாவுக்கட்டு பிரித்திருப்பார்களா, பிரித்தாலும் பேனா பிடிக்க எத்தனை நாளாகும், பிடித்தாலும் எழுதத் தோன்றுமா என்பதெல்லாம் எனக்குள்ளேயே ஓடியது. பதினைந்து நாள் கடந்தது. முப்பது நாள் கடந்தது. என் வாழ்நாளில் முதல்முறையாக, நிலுவையில் இருந்த ஒன்றுக்கு நான் நினைவூட்டு அனுப்பவில்லை.

அவன் பெயருக்கு, என் முகவரிக்கு, ஓர் உறை வந்தது. பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து அடையாறுக்குப் போனேன். டில்லிபாபு மாவுக்கையைத் துடைக்காமலே பிரித்தான். உள்ளே விசாவுக்கு வேண்டிய அழைப்பு ஒரு தாள், கடிதம் ஒரு தாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நடக்கப் பழகுவதுபோல் சாய்ந்து சாய்ந்து நின்றன. எல்லாம் வலது கை. அவன் சத்தமாக வாசித்தான், என்னைவிட நன்றாக. கை எழுதுகிறது, இன்னும் பிசையவில்லை. எந்த மாதம் வருகிறாய் என்று நீயே முடிவு செய். தோள் என்று நீ சொன்னது சரிதான். எனக்கென்று அதில் ஒரு வரியும் இல்லை. அது முறைதான். அவன் அந்தத் தாளை மடித்து என்னிடம் கொடுத்து, “பத்திரமா வெச்சிரு நைனா, என் கையெல்லாம் மாவு” என்றான். பையிலிருந்து பென்சிலை எடுத்து, உறையின் மூலையில், பழக்கதோஷத்தில், பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: நவம்பர் இருபத்தாறு, வியாழக்கிழமை.